வராதபோது தேடும் வீடு
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

     

இன்றைய விழாவில் சில சொற்கள் கூறுமாறு சங்கத்தார் எமக்குக் கட்டளையிட்டனர். இலக்கியம் பேசப் புலவர்கள் இருக்கின்றனர். இசை பற்றிப் பேச விற்பன்னர்கள் இருக்கின்றனர். பள்ளியிறுதித் தேர்வோடு படிப்பை முடித்துக்கொண்டு, இரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலம் கழிக்கும் எம்மைப் போன்றோர் எதைப் பற்றிப் பேசுவது? பலவாறு எண்ணிப் பார்த்து, நம் காலனிக்கு மிக அருகில் உள்ள பொருளையே எடுத்துக்கொண்டோம். படிப்பின் பொருட்டுப் பெற்றோரைப் பிரிந்து நெடுந்தொலைவு செல்லும் பிள்ளையின் அன்றாட வாழ்வு எத்தகையது, அப்பிள்ளைக்கு இடங்கொடுக்கும் குடும்பத்தின் கடமை யாது என்பதே அப்பொருள்.

முனிர்காவாசிகளாகிய நமக்கு இது புதியதன்று. ஒருபுறம் பழைய கிராமத்தின் நெருங்கிய சந்துகள். மறுபுறம் தில்லி வளர்ச்சி ஆணையம் கட்டிய அடுக்கு வீடுகள். அருகே 1969-ஆம் ஆண்டில் தோன்றிய ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம். சற்றுத் தொலைவில் ஹவுஸ் காஸில் இந்தியத் தொழில்நுட்பக் கழகம். விடுதியில் இடம் கிடைக்காத மாணவரும், போட்டித் தேர்வுகளுக்குப் படிக்க வந்தோரும் இச்சந்துகளில் அறை எடுத்துத் தங்குகின்றனர். தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அவர்களுள் உண்டு. சென்னையிலிருந்து புது தில்லி வரை இருப்புப்பாதை வழியே ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர். இரண்டு இரவும் ஒரு பகலும் ஆகும் பயணம். கடல் கடந்தால்தான் அயல்நாடு என்பதில்லை. மொழி விளங்காத தெருவில், பழகாத குளிரில், நாவுக்கு ஒவ்வாத உணவோடு வாழவேண்டிய பிள்ளைக்கு இத்தில்லியும் ஓர் அயல்நாடே அன்றோ?

இத்தகைய வாழ்வின் இன்பமும் துன்பமும் எங்கே இருக்கின்றன என்பதைத் தெளிவாகக் காட்டவல்ல வரலாறு ஒன்று தமிழருக்கு உண்டு. அது கணித மேதை சீனிவாச இராமானுஜன் அவர்களின் கேம்பிரிட்ஜ் வாழ்க்கை வரலாறு. அவருடைய கணிதத்தைப் பற்றிப் பேச நமக்குத் தகுதி இல்லை. அவர் என்ன உண்டார், எப்படி உறங்கினார், யார் அவரைப் பார்த்துக்கொண்டார் என்பவை பற்றிப் பேச, குடும்பம் நடத்தும் எவருக்கும் தகுதி உண்டு.

1887-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்தவர் இராமானுஜன். கணிதம் ஒன்றிலேயே மனத்தைச் செலுத்தி, ஏனைய பாடங்களில் தேறாமற்போய், கல்லூரிப் பட்டம் பெறாதவர். 1912-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் சென்னைத் துறைமுகக் கழக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தாவாக அமர்ந்தார். அங்கிருந்துதான் 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். மறு ஆண்டின் தொடக்கத்தில், டிரினிட்டிக் கல்லூரியைச் சேர்ந்த நெவில் என்னும் இளம் கணித அறிஞர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரை நிகழ்த்த வந்தார். இராமானுஜனை இங்கிலாந்து வருமாறு இசைவித்தவர் அவரே. கடல் கடப்பது ஆசாரத்துக்கு முரண் என்று தயங்கிய தாயாருக்கு நாமக்கல் நாமகிரித் தாயார் கனவில் விடை அளித்ததாகக் கூறுவர்.

புறப்படுவதற்குச் சில நாள் முன்பு, தாயாரையும் மனைவி ஜானகியம்மாளையும் எழும்பூர் நிலையத்தில் கும்பகோணத்துக்கு வண்டியேற்றிவிட்டார். குடுமி நீங்கி, மேல்நாட்டு உடையில் தாம் தோன்றும் கோலத்தை அவர்கள் காணவேண்டாம் என்று எண்ணினார் என்பர். பிறகு, 1914 மார்ச்சு 17-ஆம் நாள் 'நெவாசா' என்னும் கப்பலில் ஏறினார். ஒரு மாணவன் ஊரைவிட்டுப் புறப்படும்போது தன்னுடைய உருவத்தில் ஒரு பகுதியையும் விட்டுவிட்டே செல்கின்றான். இன்று தில்லிக்கு வரும் பிள்ளைகள் குடுமி களைவதில்லை. ஆயினும் வேறு ஏதேனும் ஒன்றைக் களைந்துவிட்டே வருகின்றனர். அது என்னவென்று நம்மிடம் அவர்கள் சொல்வதில்லை.

ஏப்ரல் 14-ஆம் நாள் கப்பல் இலண்டன் சேர்ந்தது. துறைமுகத்தில் நெவிலே மோட்டார் காருடன் வந்து காத்திருந்தார். இந்திய மாணவர் வந்து இறங்கும் குரோம்வெல் சாலை விடுதியில் சில நாள் தங்கச் செய்து, பின்னர் கேம்பிரிட்ஜில் செஸ்டர்ட்டன் சாலையில் உள்ள தம் இல்லத்துக்கே அவரை அழைத்துச் சென்றார். நெவிலும் அவர் துணைவியார் ஆலிஸ் அம்மையாரும் வாழ்ந்த அந்த வீட்டில், ஜூன் மாதத் தொடக்கம் வரை ஏறத்தாழ ஆறு வாரம் இராமானுஜன் இருந்தார்.

அந்நாட்களில் அவருக்குத் துன்பங்கள் இல்லாமலில்லை. பெயர் தெரியாத காய்கறிகள். இருபத்தாறு ஆண்டுகள் காற்றாட உலவிய பாதங்களை நெருக்கிய பூட்ஸ். முன்பின் அறியாத பழக்கங்கள். எனினும் அப்போது அவர் மகிழ்ச்சியாகவே இருந்தார் என்று நெவில் பின்னாளில் எழுதினார். சிறு தொல்லைகள் யாவும் இருந்தும் மகிழ்ச்சி இருந்தது என்பதை நாம் கூர்ந்து நோக்கவேண்டும். நெவில் தம்பதியர் அவருக்கு இரசமும் சாதமும் ஆக்கிப் போட்டிருக்க முடியாது. ஆனால் அது ஒரு குடும்பம். காலையில் ஒருவர் எழவில்லை என்றால் அடுத்த அறையில் உள்ளவருக்குத் தெரியும். தட்டில் வைத்தது வைத்தபடி இருந்தால் வீட்டு அம்மையாருக்குத் தெரியும். மற்றொருவர் கண்ணில் படும்படி வாழ்வதே குடும்பத்தில் வாழ்வது என்பதன் பொருள்.

பேராசிரியர்களுக்கு அருகில் இருந்தால் வசதி என்று, ஜூன் மாதத்தில் அவர் டிரினிட்டிக் கல்லூரியின் ஹ்யூவெல் முற்றத்து அறைக்குச் சென்றார். இதில் எவரையும் குறைகூற இயலாது. படிக்க வந்தவர் படிக்கும் இடத்துக்குப் போனார். ஆனால், அன்று முதல் அவர் தாமே சமைத்து, தாமே உண்டு, தாமே உறங்கும் தனியர் ஆனார். புலால் கலவாத உணவின் தூய்மையில் ஐயம் இருந்தமையால் கல்லூரி உணவுக்கூடத்தில் பிறரோடு அமர்ந்து அவர் உண்டதில்லை. பல்கலைக்கழக வாழ்வில் பேச்சும் நட்பும் உணவு மேசையைச் சுற்றியே வளர்கின்றன. அந்த மேசைக்குச் செல்லாதவர் உணவை மட்டும் இழப்பதில்லை, உறவையும் இழக்கின்றார்.

பணக்குறையும் காரணம் அன்று. சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் அளித்தது. அதில் 50 பவுன் ஊரில் இருந்த குடும்பத்துக்குச் சென்றது. கல்லூரியும் 60 பவுன் கொடுத்தது. எளிய வாழ்வு வாழும் ஒருவருக்கு இது போதுமான தொகையே. 'பிள்ளைக்கு மாதாமாதம் பணம் அனுப்புகின்றோம். அவனுக்கு என்ன குறை?' என்று எண்ணும் பெற்றோர் இதனைச் சிந்தித்தல் வேண்டும்.

இங்கே ஒரு சிறு நிகழ்ச்சி. பிற்காலத்தில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவிய மகாலனோபிஸ் அப்போது கேம்பிரிட்ஜில் கிங்ஸ் கல்லூரி மாணவர். ஒரு நாள் இராமானுஜனின் அறைக்குச் சென்றவர், 'இரவில் குளிர் தாங்குகின்றதா?' என்று வினவினார். மேலங்கியை அணிந்துகொண்டு, அதன் மேல் ஒரு சால்வையையும் போர்த்திக்கொண்டு உறங்குவதாக இராமானுஜன் விடை கூறினார். மகாலனோபிஸ் படுக்கையறைக்குள் சென்று பார்த்தார். கம்பளிகள் போதிய அளவு இருந்தன. மேல்நாட்டு முறைப்படி அவை படுக்கையோடு இறுகச் செருகி விரிக்கப்பட்டிருந்தன. அவற்றை விலக்கி உள்ளே புகுந்து படுக்க வேண்டும் என்பது நம்மவருக்குத் தெரியவில்லை! விரிப்புக்கு மேலேயே படுத்து உறங்கியிருக்கின்றார். மகாலனோபிஸ் கம்பளியை விலக்கிக் காட்டினார்.

இதைக் கேட்டு நகைப்பது எளிது. எண்ணிப் பார்த்தால் நகைப்பு வராது. உலகின் தலைசிறந்த கணித அறிஞர்கள் நாள்தோறும் அவரோடு உரையாடினர். அவருடைய தேற்றங்களை ஆராய்ந்தனர். இரவில் குளிர்கின்றதா என்று கேட்க ஒருவர் வரவேண்டியிருந்தது. கேட்டதோடு நில்லாமல் உள்ளே சென்று படுக்கையைப் பார்த்தாரே, அதுவே குடும்பத்தார் செய்யும் செயல். தூத்துக்குடியிலிருந்தோ நாகர்கோவிலிலிருந்தோ வரும் பிள்ளைக்கு ஜனவரி மாதத்துத் தில்லிக் குளிர் எத்தகையது என்று யார் கூறுவர்? ரஜாய் எங்கே தைக்கக் கொடுப்பது, அதை எப்போது வெயிலில் உலர்த்துவது, அறைக்குள் கரியடுப்பு மூட்டிக் கதவை அடைத்துவிட்டுத் தூங்கினால் உயிருக்கே ஆபத்து என்பதெல்லாம் எந்தப் பாடப்புத்தகத்தில் இருக்கின்றன? நம் வீட்டுத் தாய்மார்களுக்குத் தெரியும்.

மற்றொரு நிகழ்ச்சியும் உண்டு. இந்திய நண்பர் ஒருவரையும் அவர் மணக்க இருந்த பெண்மணியையும் இராமானுஜன் தம் அறைக்கு விருந்துக்கு அழைத்தார். தம் கையாலேயே சமைத்துப் பரிமாறினார். இரசம் வைத்தார்; விருந்தினர் பாராட்டி, மறுபடியும் வாங்கி உண்டனர். மேலும் ஒரு முறை பரிமாற முற்பட்டபோது பெண்கள் போதும் என்று மறுத்துவிட்டனர். சற்று நேரத்தில் இராமானுஜனைக் காணவில்லை! விருந்தினர் காத்திருந்து காத்திருந்து திரும்பினர். சில நாள் கழித்து ஆக்ஸ்போர்டிலிருந்து தந்தி வந்தது. ஐந்து பவுன் அனுப்புமாறு கேட்டிருந்தார். தாம் இட்டதை அவர்கள் ஏற்கவில்லை என்ற வருத்தத்தில் ஊரைவிட்டே போய்விட்டதாகப் பின்னர்த் தெரிந்தது.

இதனை மேதையின் விசித்திரம் என்று ஒதுக்கிவிடலாகாது. அயலூரில் எப்போதும் பிறர் தயவில் வாழும் ஒருவர், ஒரு நாளேனும் தாம் இடுபவராக இருக்க விரும்பினார். அந்த ஒரு நாளும் கைகூடவில்லை என்று மனம் உடைந்தார். விருந்தோம்பலைப் பற்றிப் பேசும்போது நாம் இடுவதையே பேசுகின்றோம். பெறுபவரின் மனத்தைப் பேசுவதில்லை. பெறுவதற்கு மட்டுமே ஒருவனை அழைத்தால் அவன் இரவலன் ஆகின்றான். கொடுப்பதற்கும் இடந்தந்தால் உறவினன் ஆகின்றான். நம் வீட்டுக்கு வரும் மாணவன் நம் குழந்தைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கட்டும். மாணவி ஒருத்தி தன் ஊர்ப் பக்குவத்தில் ஒரு குழம்பு வைக்கட்டும். அதில் உப்புச் சற்று மிகுந்திருந்தாலும் இரண்டாம் முறை வாங்கி உண்போமாக.

1914 ஆகஸ்டு 4-ஆம் நாள் இங்கிலாந்து போரில் இறங்கியது. நெவில் கோர்ட் என்னும் கல்லூரி முற்றத்திலேயே காயமுற்ற போர்வீரருக்கு மருத்துவமனை அமைந்தது. மாணவர் பலர் போர்முனைக்குச் சென்றனர். நாளடைவில் காய்கறியும் பாலும் அரிதாயின. இராமானுஜனோ இரவு பகல் பாராது உழைத்தார், நினைத்தபோது சமைத்தார், நினையாதபோது பட்டினி கிடந்தார். ஊரிலிருந்து வந்த கடிதங்களும் வரவரக் குறைந்தன. 1916-இல் ஆராய்ச்சிக்காகப் பட்டம் பெற்றார், 1917-இல் நோயுற்றார். அதன் பிறகு ஒரு மருத்துவ விடுதி மாற்றி மற்றொரு மருத்துவ விடுதி என்று அலையலானார்.

1918-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நிகழ்ந்ததை இரயில்வேத் துறையைச் சேர்ந்த நாம் நடுக்கமின்றிக் கூற இயலவில்லை. இலண்டன் சுரங்க இரயில் நிலையம் ஒன்றில், வருகின்ற வண்டியின் முன் அவர் பாய்ந்தார். நிலையப் பணியாளர் ஒருவர் அதைக் கண்டு விசையைத் தட்ட, சில அடி தொலைவில் வண்டி நின்றது. உயிர் பிழைத்தது. காவல் துறையினர் பிடித்துச் சென்றனர்; ஹார்டி விரைந்து சென்று மீட்டு வந்தார். அந்தப் பணியாளரின் பெயர் வரலாற்றில் புகழ்பெற்று நிற்கவில்லை. அவருக்குக் கணிதமும் தெரிந்திராது. அவர் கண் அந்த நொடியில் அந்த இடத்தில் இருந்தது, அவ்வளவே. அதே ஆண்டில்தான் இராயல் சங்கத்தின் உறுப்பினர் என்ற சிறப்பும், டிரினிட்டிக் கல்லூரியின் ஆய்வாளர் பதவியும் இராமானுஜனுக்குக் கிடைத்தன. புகழ் வந்து வாசலில் நின்ற ஆண்டிலேயே அவர் மனம் அந்த எல்லைக்குச் சென்றிருந்தது. ஆகவே, 'நன்றாகப் படிக்கின்றான், பரிசு வாங்குகின்றான், அவனுக்கென்ன கவலை?' என்று நாம் ஒருபோதும் சொல்லலாகாது.

அவ்வாண்டு ஜூன் மாதத்தில், மேட்லாக் என்னும் ஊரில் இருந்த மருத்துவ விடுதிக்கு இராமலிங்கம் என்னும் தமிழர் வந்தார். அவர் இங்கிலாந்தில் பொறியாளராகப் பணியாற்றியவர். சில நாள் அருகிலேயே தங்கி, நோயாளி எதை உண்கின்றார், எதை ஒதுக்குகின்றார் என்றெல்லாம் பார்த்து, ஹார்டிக்கு நீண்ட கடிதம் எழுதினார். தமக்கும் வேலை உண்டு, போர்க்காலம் வேறு. ஆயினும் தம் நாட்டுப் பிள்ளை ஒருவன் நோயுற்றுத் தனித்துக் கிடக்கின்றான் என்பதே அவரை அங்கே கொண்டு சேர்த்தது. இலண்டன் நகரத்திலோ கேம்பிரிட்ஜிலோ அன்று நம்மைப் போன்ற ஒரு தமிழ்க் காலனி இருந்திருப்பின், இராமலிங்கத்தின் வேலையைப் பத்துக் குடும்பங்கள் பகிர்ந்துகொண்டிருக்கும் அன்றோ?

1919 மார்ச்சில் இராமானுஜன் தாயகம் திரும்பினார். 1920 ஏப்ரல் 26-ஆம் நாள், முப்பத்திரண்டு வயதில், சென்னைச் சேத்துப்பட்டில் மறைந்தார். அவர் நோய் காசநோய் என்று அன்றைய மருத்துவர் எண்ணினர். கல்லீரலைத் தாக்கும் அமீபா நோய் என்று 1994-இல் ஓர் ஆங்கில மருத்துவர் ஆராய்ந்து எழுதினார். தனிமையே அவர் உயிரைக் குடித்தது என்று கூற நாம் மருத்துவர் அல்லோம். ஆனால், நோயைத் தாங்கும் வலிமையைத் தனிமை குறைக்கும் என்பதை அறிய மருத்துவப் படிப்பு வேண்டுவதில்லை.

இராமானுஜன் அறைக்குச் சென்றபின் துன்புற்றார் என்றால், குடும்பத்தில் தங்கியவர் எல்லாரும் வயிறார உண்டனரா? அதுவும் இல்லை. 1888-இல் சட்டம் பயில இலண்டன் சென்ற காந்தியடிகள், கணவனை இழந்த ஓர் அம்மையாரின் வீட்டில் கட்டணம் செலுத்தித் தங்கினார். அந்த அம்மையார் நல்லவரே. ஆனால் புலால் உண்ணாதவருக்கு என்ன சமைப்பது என்பது அவருக்குத் தெரியவில்லை. கீரையும் ரொட்டியும் பழப்பாகும் கிடைத்தன. இரண்டு மூன்று துண்டு ரொட்டிக்கு மேல் கேட்கக் காந்தியடிகளுக்குக் கூச்சம். வீட்டுப் பெண்கள் இருவர் கூட ஒரு துண்டு வைப்பர். அதுவும் அவர் பசிக்குப் போதவில்லை. பிறகு பாரிங்டன் தெருவில் ஒரு மரக்கறி உணவகத்தைக் கண்டபோதுதான் வயிறு நிறைந்தது என்று தம் சுயசரிதையில் எழுதியிருக்கின்றார். ஆகவே, கூரை கொடுப்பது மட்டும் போதாது, 'இன்னும் வேண்டுமா?' என்று கேட்டால், கூச்சமுள்ள பிள்ளை 'வேண்டாம்' என்றே சொல்லும். நம் ஊர்களில் பாட்டிமார் கேட்பதில்லை; இட்டுவிடுவர். அதுவே சரி.

இவ்விரு பெரியோரின் மாணவ வாழ்விலிருந்து மூன்று கடமைகளை நாம் தெரிந்துகொள்கின்றோம். கேளாமலே இடுதல் ஒன்று. கொடுக்கவும் இடந்தருதல் இரண்டு. வராதபோது தேடுதல் மூன்று. மூன்றனுள் கடைசியே தலையாயது. சோறு கடையிலும் கிடைக்கும். இரண்டு நாளாகக் காணோமே என்று கதவைத் தட்ட ஒருவர் வருவது கடையில் கிடைக்காது.

இனி, நம் காலனிக்கு வருவோம். நம்முள் சிலர் ஓர் அறையை மாணவருக்கு வாடகைக்கு விட்டிருக்கின்றோம். 'பேயிங் கெஸ்ட்' என்கின்றோம். வாடகை வாங்குவதில் பிழை இல்லை. தில்லியில் குடும்பம் நடத்துவது எளிதன்று. ஆனால், அப்பெயரில் 'கெஸ்ட்' என்ற சொல்லும் இருக்கின்றதே. விருந்தினர் என்பதன்றோ அதன் பொருள்? இரவு ஒன்பது மணிக்கு மேல் கதவு திறவாது, வெந்நீருக்குத் தனிக் கட்டணம், நண்பர் வரக்கூடாது என்ற விதிகளை எழுதி ஒட்டுகின்றோம். காய்ச்சல் வந்தால் யாரிடம் சொல்வது என்பதை எழுதி ஒட்டுகின்றோமா?

மற்றொன்றும் கூறவேண்டும், பெரியோர்கள் பொறுத்தருள்க. தமிழ்ப் பிள்ளை ஒருவன் அறை கேட்டு வந்தால், 'எந்த ஊர்?' என்கின்றோம். அது அன்பு. அடுத்து, 'ஊரில் எந்தத் தெரு? குலதெய்வம் எது? நீங்கள் யார்?' என்று சுற்றிச் சுற்றி வருகின்றோம். அது அன்பன்று. எதை அறிய அவ்வாறு சுற்றி வருகின்றோம் என்பது நமக்கும் தெரியும், அப்பிள்ளைக்கும் தெரியும். கேட்கப்பட்ட பிள்ளை மறுமுறை நம் படி ஏறுவதில்லை. நெவில் ஓர் ஆங்கிலேயர். தம் மதம் சாராத, தம் உணவை உண்ணாத, தம் நிறம் அல்லாத ஒருவரைத் தம் வீட்டில் ஏற்று, உள்ளபடியே இருக்கவிட்டார். அயலார் கேளாத கேள்வியைத் தமிழராகிய நாம் தமிழ்ப் பிள்ளையிடம் கேட்கலாமா? உணவிலும் அவ்வாறே. நம் வீட்டு அடுப்பில் எது சமைக்கலாம் என்பது நம் உரிமை. வெளியே ஒருவர் எதை உண்டார் என்று முகர்ந்து பார்ப்பது நம் வேலையன்று.

தமிழ்ப் பிள்ளைகள் மட்டுமா? இச்சந்துகளில் மணிப்பூர், நாகாலாந்து, மிசோரம் முதலிய வடகிழக்கு மாநிலத்துப் பிள்ளைகளும் வாழ்கின்றனர். முகத்தையும் உணவையும் காட்டி அவர்களை ஏளனம் செய்வோரும் இந்நகரத்தில் உளர். 'மதராஸி' என்று ஒரு காலத்தில் ஏளனம் கேட்ட நாம், அவர்கள் பக்கம் நிற்க வேண்டியவர்கள் அல்லமா?

மாணவ நண்பர்களுக்கும் ஒரு சொல். கடமை வீட்டாருக்கு மட்டும் உரியதன்று. காந்தியடிகள் கூச்சத்தால் பசித்திருந்தார். இராமானுஜன் கேட்கும் வரை குளிரைச் சொல்லவில்லை. அவர்களுக்கு நேர்ந்தது உங்களுக்கு நேரவேண்டாம். பசி என்றால் பசி என்று சொல்லுங்கள். மனம் சரியில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். அதில் இழிவு இல்லை. ஊருக்குத் தொலைபேசியில் பேசும்போது 'எல்லாம் நன்றாக இருக்கின்றது' என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடாதீர்கள். அம்மாவிடம் சொல்ல முடியாததை இங்கே ஒரு அத்தையிடமோ மாமாவிடமோ சொல்லுங்கள். நீங்கள் குடியிருக்கும் வீட்டாரிடம் வெளியூர் சென்றால் சொல்லிவிட்டுச் செல்லுங்கள். தேடுவோருக்குத் தேடும் வழியை நீங்களும் காட்டவேண்டும்.

பேச்சு நீண்டுவிட்டது. செயலாக ஒன்று கூறி முடிப்போம். சங்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வைப்போம். மாதத்தில் ஒரு ஞாயிறு தம் வீட்டில் ஒரு மாணவருக்கோ மாணவிக்கோ உணவளிக்க இசையும் குடும்பங்கள் அதில் பெயர் எழுதுக. பாயசம் வேண்டாம், அன்று வீட்டில் உள்ளதே போதும். எதிர்ப்பக்கத்தில் மாணவர் தம் பெயரும், ஊரும், ஊரில் உள்ள பெற்றோரின் தொலைபேசி எண்ணும் எழுதுக. சாதி எழுத அதில் கட்டம் இராது. ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு குடும்பம் என்று இணைப்போம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊர் செல்ல இயலாதோர் அந்தந்த வீட்டில் இருக்கட்டும். ஒரு ஞாயிறு வரவேண்டியவர் வரவில்லை என்றால், அன்று மாலைக்குள் அக்குடும்பத்தார் ஒருவர் நேரிலே சென்று பார்க்கவேண்டும். இராமகிருஷ்ணபுரத்து மலைக் கோயிலுக்குப் போய்வர நமக்கு நேரம் இருக்கின்றது. அடுத்த சந்துக்குப் போய்வர நேரம் இராதா?

'எங்கள் வீடு இரண்டு அறை, பிள்ளைகளுக்குத் தேர்வு, வயது வந்த பெண் இருக்கின்றாள்' என்று சிலர் தயங்கலாம். தயக்கம் நியாயமே. மாணவனை அழைக்கத் தயங்குவோர் மாணவியை அழைக்கலாம். வீட்டில் இடமில்லாதோர் இருவராகச் சேர்ந்து சங்கக் கூடத்தில் உணவளிக்கலாம். அதுவும் இயலாதோர் நோயுற்ற பிள்ளையை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பை ஏற்கலாம். வீட்டின் அளவு ஒரு தடை அன்று.

கடைசியாக ஒரு செய்தி. 1919 ஜனவரியில், நோயோடு ஊர் திரும்ப இருந்த இராமானுஜனுக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் அளிக்க முன்வந்தது. அதற்கு நன்றி கூறி எழுதிய கடிதத்தில், பெற்றோருக்கு 50 பவுன் கொடுத்து, தம் தேவைக்கானது போக எஞ்சிய தொகையை ஏழைப் பிள்ளைகளின், ஆதரவற்ற சிறுவரின் பள்ளிக் கட்டணத்துக்கும் புத்தகங்களுக்கும் செலவிடுமாறு கேட்டுக்கொண்டார். இடுபவராக இருக்க வேண்டும் என்ற அவருடைய ஆசை அப்போதும் அழியவில்லை. இன்று நம் வீட்டுத் திண்ணையில் கூச்சத்தோடு அமரும் பிள்ளை நாளை யாருக்கு எதைக் கொடுப்பான் என்பதை நாம் அறியோம். நாம் செய்யவேண்டியது அவன் நாளை வரை நலமாக இருக்கச் செய்வதே.

நோட்டுப் புத்தகம் வாயிலருகே மேசையில் இருக்கின்றது. உணவுக்குச் செல்லும் முன் ஒவ்வொருவரும் அதைப் பார்த்துவிட்டுச் செல்லுமாறு வேண்டி அமைகின்றோம்.